ஃப்ளோட் உயரம் பாதிக் கதைதான்

பழைய பைக்கில் பெட்ரோல் சொட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும் வரும் பதில் ஒன்றுதான்: "ஃப்ளோட் போயிருக்கும், புதுசு மாத்திடு." ஃப்ளோட் என்பது கார்புரேட்டரின் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) அடியில் இருக்கும் கிண்ணத்தில் மிதக்கும் மிதவை. மாற்றலாம், தப்பே இல்லை. ஆனால் ஃப்ளோட்டையும் ஊசியையும் மாற்றி, மேனுவலில் ஃப்ளோட் உயரம் என்று போட்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கை அப்படியே வைத்து மூடிவிட்டு, அப்புறமும் பிளக் ஏன் கறுக்கிறது, சூடான எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது என்று ஜெட் ஜெட்டாக (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள சின்னத் திருகுகள்) மாற்றிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த மில்லிமீட்டர் எண் ஒரு குறுக்குவழி, அவ்வளவுதான். உண்மையில் நமக்கு வேண்டியது கிண்ணத்துக்குள் பெட்ரோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பது. வண்டி கம்பெனியிலிருந்து வந்த அதே ஃப்ளோட், அதே ஊசி, அதே சீட் இருக்கும்வரை அந்த எண்ணை வைத்தால் மட்டம் தானாகச் சரியாக இருக்கும். இதில் ஒன்றை மாற்றினாலும் எண் பொய் சொல்ல ஆரம்பித்துவிடலாம்.

விஷயம் சிக்கலானதில்லை. மாடித் தொட்டியில் இருக்கும் பந்து வால்வு மாதிரிதான். பெட்ரோல் ஏறினால் ஃப்ளோட் ஏறும், ஃப்ளோட்டின் நாக்கு ஊசியைத் தள்ளும், ஊசி, பெட்ரோல் உள்ளே வரும் துளையான சீட்டை அடைக்கும். (த்ரோட்டிலோடு ஏறி இறங்கும் ஸ்லைடில் தொங்கும் நீள ஊசி வேறு, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.) அப்படி அடைபட்டு நிற்கும் பெட்ரோலின் மேல்பரப்புக்கும், காற்று போகும் குழாயில் எட்டிப்பார்க்கும் நாசிலின் வாய்க்கும் நடுவில் சில மில்லிமீட்டர் உயரம் இருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று குறுகலான இடத்தைத் தாண்டும்போது அங்கே அழுத்தம் குறையும், கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கும், அந்த வித்தியாசம்தான் பெட்ரோலை மேலே தூக்குகிறது. மட்டம் உயர்ந்தால் தூக்கவேண்டிய உயரம் குறைவு, அதனால் கலவையில் பெட்ரோல் கூடும். மட்டம் தாழ்ந்தால் குறையும். த்ரோட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாகப் போகும்போது நாசிலில் இழுவை குறைவு என்பதால், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அங்கேதான் நன்றாகத் தெரியும். முழுசாக முறுக்கும்போது அது பெரிதாகத் தெரியாது, ஆனால் மட்டம் ரொம்பத் தாழ்ந்திருந்தால் எஞ்சின் குடிக்கிற வேகத்துக்குக் கிண்ணம் நிரம்பாமல் மேட்டில் திணறும்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சொட்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். சொட்டினாலே ஃப்ளோட்தான் என்பதில்லை. பல கார்புரேட்டர்களில் கிண்ணத்துக்கு நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் குழாய் நட்டுவைத்தது போல நிற்கும், அதுதான் ஓவர்ஃப்ளோ குழாய். வயசானால் அதில் நெடுக்காக ஒரு மயிரிழை விரிசல் விழும். அப்போது மட்டம் சரியாக இருந்தாலும் விரிசல் வழியாக இறங்கிச் சொட்டிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஃப்ளோட்டை மாற்றி மாற்றி அலுத்துப்போவீர்கள். இதைக் கண்டுபிடிக்க, கிண்ணத்தைக் கழற்றி, குழாயின் நுனி வரைக்கும் போகாமல் பெட்ரோல் ஊற்றி, ஒரு காகிதத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். காகிதம் நனைந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். சைடு ஸ்டாண்டில் நிறுத்தினால் மட்டும் சொட்டுகிறது, சென்டர் ஸ்டாண்டில் சொட்டவில்லை என்றால் மட்டம் கொஞ்சம் உயர்ந்து விளிம்பில் நிற்கிறது என்று சந்தேகப்படலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் ஸ்டார்ட் செய்யுமுன் அமுக்கும் டிக்ளர் பொத்தான் ஒன்று உண்டு, அது ஃப்ளோட்டைக் கீழே அழுத்திக் கிண்ணத்தை வழியவிடும். அந்தப் பொத்தான் துருவேறி கீழேயே மாட்டிக்கொண்டால் நாள் முழுக்க யாரோ அழுத்திக்கொண்டு நிற்பது போலத்தான், சொட்டு நிற்கவே நிற்காது. இது எல்லாவற்றையும்விடச் சாதாரணமான காரணம், டேங்கிலிருந்து வந்த ஒரு துரும்பு, துருத்துகள், ஊசிக்கும் சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது. டேங்கின் உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்காமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது எனக்குப் பிடிக்காத வேலை, ஒரு வாரத்தில் திரும்ப அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

சரி, ஃப்ளோட்தான் என்று முடிவாகிவிட்டது. அது எந்தப் பொருளில் செய்தது என்பதைப் பொறுத்து நோயும் வேறு. ரொம்பப் பழைய வண்டிகளில் தக்கை ஃப்ளோட் இருக்கும், பெட்ரோலை உறிஞ்சாமலிருக்க அரக்கு பூசியிருப்பார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையக்கூடியது, இன்றைய பெட்ரோலிலோ எத்தனால் கலந்திருக்கிறது. பூச்சு போனால் தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும். அதற்கு அடுத்து வந்தவை பித்தளை ஃப்ளோட்கள், மெல்லிய இரண்டு பாதிகளைச் சேர்த்து ஈயம் பற்றவைத்தவை. இணைப்பில் ஊசித்துளை விழுந்தால் உள்ளே பெட்ரோல் ஏறும். காதருகே வைத்துக் குலுக்கினால் சலசலக்கும். சலசலப்பு இல்லை என்பதற்காக நல்லதென்று முடிவுகட்ட வேண்டாம். வெந்நீரில் முழுசாக அமுக்கிப் பிடியுங்கள், உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஓட்டை இருந்தால் குமிழியாக வெளியே வரும். அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் வேண்டாம், உள்ளே பெட்ரோல் இருந்தால் அதன் ஆவி நெருப்புப் பக்கத்தில் வெளியே வரும். வெந்நீரை வேறு பாத்திரத்தில் ஊற்றி நெருப்பிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். "தண்ணீரில் மிதக்குதே, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, பெட்ரோலோ முக்கால் கிலோ அளவில்தான் இருக்கும். தண்ணீரில் ஜோராக மிதப்பது பெட்ரோலில் பாதி முங்கிக் கிடக்கலாம்.

பித்தளை ஃப்ளோட்டைப் பற்றவைத்துச் சரிசெய்யலாமா என்று அடிக்கடி கேட்பார்கள். செய்யலாம். உள்ளே இருக்கும் பெட்ரோலைச் சொட்டுக்கூட இல்லாமல் வெளியேற்றி, நன்றாக உலரவிட்டு, தீச்சுடர் இல்லாமல் சால்டரிங் அயர்னால் மட்டும் செய்வதென்றால். உள்ளே ஆவி மிச்சமிருக்கும்போது சூடு வைத்தால் அது சின்ன வெடிகுண்டு. இதைத் தாண்டி இன்னொரு சங்கதி இருக்கிறது, நிறையப் பேர் கணக்கில் எடுப்பதில்லை: வைத்த ஈயத்துக்கும் எடை உண்டு. ஃப்ளோட் 1 கிராம் கனத்தால், அதைத் தாங்க ஏறக்குறைய 1.35 மில்லிலிட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஒதுக்கியாக வேண்டும். ஃப்ளோட்டின் குறுக்குப் பரப்பு 10 சதுர செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அது 1.35 மி.மீ. கூடுதலாக முங்கினால்தான் ஊசி மூடும், அதாவது மட்டம் அந்த அளவுக்கு உயரும். உயரத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்தால் பழைய எண்ணே வரும், ஏனென்றால் வெர்னியருக்கு எடை தெரியாது! டெல்லார்ட்டோ கார்புரேட்டர்களில் ஃப்ளோட்டின் மேலேயே அதன் எடையைக் கிராமில் பொறித்திருப்பார்கள், கனமான ஃப்ளோட்டைப் போட்டால் மட்டம் உயரும், லேசானதைப் போட்டால் தாழும். எடையையே ஒரு அளவீடாக எடுத்துக்கொண்ட அந்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தக் கம்பெனி கார்புரேட்டராக இருந்தாலும் பழைய ஃப்ளோட்டையும் புது ஃப்ளோட்டையும் 0.1 கிராம் காட்டும் தராசில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். இரண்டுக்கும் நடுவில் கிராம் கணக்கில் வித்தியாசம் வந்தால் அப்போதே தெரிந்துவிடும், மேனுவல் எண் இனி உதவாது என்று. பழையது பெட்ரோல் குடித்திருந்தால் இந்த ஒப்பீடு செல்லாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இனி கழற்றும் வேலை. பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் நெருப்போ ஸ்விட்சோ இல்லாமல். கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் பழைய வண்டியில் மெல்லிய தலை கொண்டவை, தலையோடு சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லையென்றால் தலை வழுக்கிப்போகும். ஜப்பானிய வண்டிகளில் இருப்பது சாதாரண பிலிப்ஸ் இல்லை, ஜேஐஎஸ் என்னும் வேறு தரம். பார்க்க ஒன்று போலிருந்தாலும் பிலிப்ஸ் முனை அதில் முழுசாக இறங்காது.

அடுத்து ஃப்ளோட் பின், அதாவது ஃப்ளோட் கீல் போல ஆடும் மெல்லிய கம்பி. இங்கேதான் நிதானம் வேண்டும், மற்றதெல்லாம் திருத்தக்கூடியது, இது திருத்தமுடியாதது. பின் நுழைந்திருக்கும் இரண்டு தூண்களும் கார்புரேட்டரின் உடம்போடு சேர்த்து வார்த்தவை, நொறுங்கும் தன்மையுள்ள உலோகம், வயசோ நாற்பது ஐம்பது ஆகியிருக்கும். ஒரு பக்கத்திலிருந்து சுத்தியால் தட்டினால் எதிர்த் தூண் பட்டென்று உடைந்து கையில் வரும், உடைந்தால் அந்த உடம்பே வீண் என்றுதான் பெரும்பாலும் வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் முதலில் பின்னின் இரண்டு நுனிகளையும் உற்றுப் பாருங்கள். ஒரு நுனியில் தலை இருந்தால் அந்தப் பக்கமாகத்தான் வெளியே வரவேண்டும். தலை இல்லாவிட்டாலும் சிலவற்றில் ஒரு தூண் பின்னை இறுக்கிப் பிடித்திருக்கும், இன்னொன்றில் தளர்வாக இருக்கும். இறுக்கிப் பிடித்திருக்கும் தூண் எதுவோ அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தள்ளவேண்டும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயைப் போட்டு ஊறவிடுவது நல்லது, மறுநாள் ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டலாம் (பெட்ரோல் முழுக்கக் காய்ந்த பிறகு, சொல்லவேண்டியதில்லை). அப்புறம் தட்டுவதைவிட அழுத்துவது மேல். தூணுக்குப் பின்னால் துளையுள்ள ஒரு சின்ன மரக்கட்டையையோ நட்டையோ வைத்து, மெல்லிய கம்பியைப் பின்னின் மேல் வைத்து, சின்ன கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினால் பின் சத்தமில்லாமல் நகரும். நகரவில்லையா, திரும்ப எண்ணெய், திரும்ப ஒரு நாள். அவசரப்படுகிற நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

ஊசியை வெளியே எடுத்ததும் அதன் கூம்பு நுனியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உலோக நுனியில் வட்டமாக ஒரு கோடு பள்ளமாக விழுந்திருந்தால் அது ஓய்வுபெற வேண்டியது. வைட்டான் ரப்பர் நுனி கொண்டதில் பள்ளமோ கெட்டிப்பட்டதோ தெரிந்தாலும் அப்படியே. ஊசியின் மறுமுனையில் இருக்கும் சின்ன ஸ்ப்ரிங் பின்னை அழுத்தினால் அது உள்ளே போய்த் திரும்பி வரவேண்டும். சீட்டின் உட்புறத்தை, காது குடையும் பஞ்சுக்குச்சியில் உலோகப் பாலிஷ் தொட்டுச் சுழற்றினால் பளபளப்பாகிவிடும், பிறகு நன்றாகக் கழுவிவிட வேண்டும். எமரித்தாள் அங்கே வேண்டாம். சீட்டைக் கழற்ற முடிகிற வகையாக இருந்தால் அதன் மேல் 1.5, 2.0 என்று துளை அளவு எழுதியிருக்கும், அதே அளவில்தான் புதுசு வாங்கவேண்டும். துளை பெரிதானால் பெட்ரோல் தள்ளும் விசையும் கூடும், அதே ஃப்ளோட்டால் அடைக்கமுடியாமல் போகும். கழற்றும் சீட்டுக்கு அடியில் வாஷர் இருந்தால் அதன் கனமும் உயரக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள்.

ரிப்பேர் கிட்டில் வரும் ஊசிகளைப் பற்றி எனக்கு ஒரு குறை இருக்கிறது, எல்லாக் கிட்டும் மோசம் என்று சொல்லமாட்டேன். பழைய ஊசியையும் புதிய ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஊசியில் அரை மில்லிமீட்டர் என்பது நெம்புகோல் கணக்கில் ஃப்ளோட்டின் நுனியில் பல மடங்காகப் பெருகும். உயரத்தைத் திரும்ப வைக்காமல் ஊசியை மட்டும் மாற்றி மூடுவது அதனால்தான் வேலைக்கு ஆகாது.

உயரம் அளக்கும்போது கார்புரேட்டரை முழுசாகத் தலைகீழாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் எடை ஊசியின் ஸ்ப்ரிங்கை அமுக்கிவிடும், அளவு தப்பாக வரும். கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு ஊசியின் ஸ்ப்ரிங் பின்னைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிலையில் நிறுத்தி, கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, கேஸ்கெட் உட்காரும் பரப்பிலிருந்து ஃப்ளோட்டின் கடைசி விளிம்பு வரை அளக்கவேண்டும். எந்த எண் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரே ஹோண்டாவிலேயே ஆரம்ப காலச் சிபி750-க்கு 26 மி.மீ., சிபி550-க்கு 22 மி.மீ., ஆகவே உங்கள் மாடலின் மேனுவலைப் பார்க்காமல் வேறு யாரோ சொன்ன எண்ணை வைக்காதீர்கள். இதில் எல்லோரையும் குழப்புகிற ஒன்று: கார்புரேட்டர் தலைகீழாக இருப்பதால், எண் பெரிதானால் பெட்ரோல் மட்டம் தாழ்கிறது, எண் சிறிதானால் மட்டம் உயர்கிறது. மட்டத்தைத் தாழ்த்த, நாக்கை ஊசி இருக்கும் பக்கமாக வளைக்கவேண்டும், உயர்த்த அதற்கு எதிராக. வளைக்கும்போது ஊசி சீட்டில் உட்கார்ந்திருக்கவே கூடாது, ஃப்ளோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சின்ன மூக்குப் பிளையரால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு வளைத்தால் போதும். அப்படியே வைத்து அழுத்தினால் வைட்டான் நுனியில் பள்ளம் விழுந்துவிடும், புது ஊசி புதுசிலேயே பழசு.

இரட்டை ஃப்ளோட் என்றால் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நடுத்தண்டை மெதுவாகத் திருகிச் சமன்செய்யுங்கள். சில கார்புரேட்டர்களில் ஃப்ளோட் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கும் தனியாக ஒரு நாக்கு உண்டு, அதையும் மேனுவல்படி பார்த்துவிடுங்கள். முழுசும் பிளாஸ்டிக்கான ஃப்ளோட்டில் வளைக்க நாக்கே இருக்காது. 1967-இல் வந்த அமல் கான்சென்ட்ரிக் கார்புரேட்டரில் சீட் கிண்ணத்திலேயே அழுத்திப் பொருத்தியிருக்கும். கிண்ணத்தைச் சூடாக்கி அந்தச் சீட்டை ஏற்றி இறக்கித்தான் மட்டம் வைப்பார்கள், இறக்கினால் மட்டம் ஏறும், ஏற்றினால் மட்டம் இறங்கும். புதிதாகப் போட்ட ஃப்ளோட் கிண்ணத்தின் சுவரிலோ, உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் கேஸ்கெட்டிலோ உரசுகிறதா என்றும் பார்க்கவேண்டும். பழைய ஃப்ளோட்டின் ஓரத்தில் ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தால் அது உரசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இனி நான் உண்மையில் நம்பும் வேலை, டியூப் வைத்து மட்டம் பார்ப்பது. கிண்ணத்தின் அடியில் வடிகால் முனை இருந்தால் அதில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டி, டியூபை மேல்நோக்கி வளைத்து கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். வடிகால் போல்ட் மட்டும் இருக்கும் மாடல் என்றால் அதே மரையுள்ள இன்னொரு போல்ட்டில் துளைபோட்டு ஒரு முனையைப் பொருத்திக்கொள்ளலாம், ஒருமுறை செய்துவைத்தால் ஆயுசுக்கும் ஆகும். டியூபின் உள்விட்டம் 6 மி.மீ. அளவில் இருக்கட்டும், ரொம்ப மெல்லியதாக இருந்தால் பெட்ரோல் ஓரம்பற்றி ஏறி உயர்ந்த மாதிரி காட்டும். வண்டி சென்டர் ஸ்டாண்டில், கார்புரேட்டர் அது ஓடும்போது எந்தக் கோணத்தில் இருக்குமோ அதே கோணத்தில். டேப்பைத் திறந்து, பெட்ரோல் டியூபில் ஏறி அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, வளைந்த மேல்பரப்பின் அடிப்பக்கத்தைக் கிண்ணமும் உடம்பும் சேரும் கோட்டோடு ஒப்பிட்டு அளக்கவேண்டும். பல மேனுவல்களில் இந்த அளவும் தனியாகப் போட்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: அளந்துகொண்டிருக்கும்போது டியூபைக் கீழே இறக்கித் திரும்ப உயர்த்தாதீர்கள். இறக்கினால் கிண்ணத்துப் பெட்ரோல் டியூபுக்குள் வரும், அந்த இடத்தை நிரப்ப ஊசி திறந்து புதுப் பெட்ரோல் இறங்கும், பிறகு உயர்த்தும்போது டியூபில் இருந்தது கிண்ணத்துக்கே திரும்பி, உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கை ஆடி இறங்கிவிட்டதா, வடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இரண்டு, நான்கு கார்புரேட்டர் இருக்கும் வண்டியில் எனக்கு முக்கியம், எல்லாமே ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்பது. மேனுவல் சொல்வதைவிட எல்லாமே அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் சமாளிக்கலாம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று இருந்தால், ஐடிலிங்கையும் சின்க் செய்வதையும் (எல்லாக் கார்புரேட்டரும் ஒரே அளவில் திறக்கும்படி வைப்பது) எவ்வளவு நேரம் திருகினாலும் வண்டி ஒரு சீராக ஓடாது, ஒரு பிளக் கறுப்பு ஒரு பிளக் வெள்ளை என்றுதான் இருக்கும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டைப் புதுசு போட்டிருந்தால், சில நாள் பெட்ரோலில் ஊறின பிறகு இன்னொருமுறை டியூபைப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

கடைசியாக, கிண்ணம் வழிந்துகொண்டிருந்த வண்டி என்றால் ஸ்டார்ட் செய்யுமுன் எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். வழிந்த பெட்ரோல் வெளியே மட்டும் போவதில்லை, இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கி ரிங்கைத் தாண்டி ஆயிலிலும் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு வழக்கத்தைவிட உயர்ந்திருக்கிறதா, மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை வருகிறதா? வந்தால் ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றுங்கள். பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு, கிக்கரை மெதுவாக அமுக்கிச் சிலிண்டருக்குள் பெட்ரோல் தேங்கியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள், அது நிறைந்திருக்கும்போது உதைத்தால் கனெக்டிங் ராடு வளையக்கூடும். அப்புறம் வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் டேப்பை மூடிவிடுங்கள், ஃப்ளோட் புதுசாக இருந்தாலும் சரி.